பவுடரண்ணனும் ஒரு வாய்த் தண்ணீரும்

கோழிப்பண்ணைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாளே பவுடரண்ணனின் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்ப்பார்கள். பேர் பவுடரண்ணன் என்றால் ஆள் கொஞ்சமாவது பூசி மினுக்கிக்கொண்டு இருக்க வேண்டாமா? இவரோ சவரம் செய்தே வாரமாகியிருக்கும். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, ரோமம் தேய்ந்த பிரஷ் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரோ கடன் கேட்டு வந்த மாதிரி முகத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். பேருக்குக் காரணம் பிளீச்சிங் பவுடர். கோழிகள் தண்ணீர் குடிக்கிற டிரிங்கர்களைக் கழுவுவதுதான் அவர் வேலை. வருஷக்கணக்காக அதையே செய்து நகமெல்லாம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் வந்தால் ஆஸ்பத்திரி வராந்தா வாசனை அடிக்கும். பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டு பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அதை அவர் மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் ஒரு வேலையா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒரு நாள் கொட்டகைக்குள் வந்து பார்க்க வேண்டும். கோழிக்கு ஒழுக்கம் என்று ஒன்று கிடையாது. குடிக்கிற இடத்திலேயே நின்று எச்சம் போடும். அலகில் ஒட்டிய தீவனத்தைத் தண்ணீரிலேயே அலசும். தரையில் பரப்பிய உமியைக் காலால் சீய்த்து உள்ளே தள்ளும். டிரிங்கர் என்பது கயிற்றில் தொங்கும் பிளாஸ்டிக் மணி; அதன் விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம், பள்ளத்தில் தண்ணீர். வெயில் காலத்தில் அரை நாள் கண்டுகொள்ளாமல் விட்டால் அந்தப் பள்ளத்தின் அடியில் வழவழவென்று ஒன்று படியும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். பவுடரண்ணன் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். விரல் வழுக்கினால் டிரிங்கர் கீழே இறங்கிவிடும்.

இறக்கிய டிரிங்கரைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய்த்தான் கொட்டுவார். உள்ளேயே கவிழ்த்துவிட்டால் உமி நனைந்து புழுங்கி, கோழிகளின் காலெல்லாம் புண்ணாகிவிடும். பிரஷ் போட்டுத் தேய்த்து, பவுடர் கரைத்த தொட்டியில் முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டுவார். மாட்டும்போது கோழியின் முதுகு மட்டத்துக்கு விளிம்பு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். தாழ்ந்தால் எச்சம் விழும், உயர்ந்தால் சின்னதுகளுக்கு எட்டாது. எல்லாம் முடிந்ததும் நிரப்பிய டிரிங்கரிலிருந்து ஒரு கை அள்ளித் தானே குடிப்பார். பார்க்கிறவர்களுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

"நாம குடிக்க யோசிக்கிற தண்ணிய அதுக்கு எப்படி வைக்கிறது?" என்பார்.

பண்ணையில் இப்படித் தண்ணீர் தண்ணீர் என்று உயிரை விட்டவருக்கு, வீட்டில் எதிர்ப்பக்கமாக ஒரு கஷ்டம் வந்து உட்கார்ந்தது. அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது. வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். உடம்புக்குள் போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லாததால், நாள் முழுவதற்கும் ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காபியும் அந்தக் கணக்கில்தான், மாத்திரை விழுங்குகிற தண்ணீரும் அந்தக் கணக்கில்தான். அதற்கு மேல் குடித்தால் கால் வீங்கும், மூச்சு திணறும், நெஞ்சில் நீர் கட்டும்.

அவளோ சின்ன வயசிலிருந்தே சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துப் பழகியவள். சாப்பாட்டுக்கு நடுவே குடிப்பாள், சிரித்துவிட்டுக் குடிப்பாள், அழுதுவிட்டுக் குடிப்பாள். கல்யாணமான புதிதில் "பொண்ணு பாக்க வந்தோமா, பம்ப் செட் பாக்க வந்தோமா?" என்று இவர் கேலி செய்வார். இப்போது அவள் உதடு வெடித்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பேசும்போது வாய்க்குள் காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. காலையில் பவுடரண்ணன் அந்தச் சின்ன பாட்டிலைத் தேய்த்துக் கழுவி, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை நிரப்பிக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.

"ஏங்க, அந்தக் கோழிங்களுக்கு நாள் பூரா ஊத்திக்கிட்டே இருக்கீங்களே, பேசாம என்னையும் அங்க கூட்டிட்டுப் போய் விட்டுருங்க. ஒரு மூலைல நிக்கிறேன்" என்பாள்.

"நீ வந்தா அதுங்களுக்குத் தண்ணி மிஞ்சாது."

"ஆமா, அதுங்க உங்க சொந்தக்காரங்க. நான் எங்கிருந்தோ வந்தவ."

சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஒரு மிடறு குடிக்க வேண்டும் என்கிற பழக்கத்தில் கை தானாகப் பாட்டிலுக்குப் போகும். பவுடரண்ணன் பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வைப்பார். மனுஷன் வெளியேதான் முறைப்பு. உள்ளே வெறும் வெல்லம். அதனால் ராத்திரி அவள் கேட்டால் ஒரு ஐஸ் துண்டு கொடுப்பார். கஞ்சியைக் கொஞ்சம் தண்ணியாகவே கரைப்பார். பாட்டில் தீர்ந்தபின், யாரும் பார்க்காத மாதிரி, கட்டிய பெண்டாட்டிக்கே திருட்டுத்தனமாக அரை டம்ளர் ஊற்றித் தருவார். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் நர்ஸ் மெஷினைப் பார்த்துவிட்டு இவரைப் பார்ப்பாள்.

ஒரு நாள் அந்த நர்ஸ் வராந்தாவுக்குக் கூப்பிட்டு வெளிப்படையாகவே கேட்டுவிட்டாள்.

"அம்மாவ நீங்க உயிரோட வெச்சிருக்கணும்னு நெனைக்கிறீங்களா, இல்லையா?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க."

"அப்ப தண்ணி குடுக்காதீங்க. அழுதாலும் குடுக்காதீங்க."

அடுத்த நாள் காலையில் அவள் அழுதாள். ராத்திரி முழுக்கப் புழுக்கம், அன்றைய பாட்டிலை அவர் நிரப்பி வைத்ததுமே ஒரே மூச்சில் முடித்துவிட்டிருந்தாள். இன்னும் ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் முதல் முறையாக முடியாது என்றார். சட்டையிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனார்.

அன்றைக்குப் பார்த்து கொட்டகையில் தடுப்பு மருந்து நாள். குஞ்சுகளுக்கு அந்த மருந்தைத் தண்ணீரில் கலந்துதான் கொடுப்பார்கள். அதற்கு ஒரு முறை இருக்கிறது. அன்று டிரிங்கரைப் பவுடர் போடாமல் வெறும் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். பவுடர் பட்டால் மருந்து செத்துப்போகும். கழுவிய டிரிங்கர்களைக் காலியாகக் குஞ்சுகளுக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கிக் கட்டிவிட வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரம் குஞ்சுகள் தாகத்தில் தவிக்க வேண்டும். அப்போதுதான் மருந்துத் தண்ணீரை இறக்கியதும் எல்லாம் பாய்ந்து வந்து, மருந்துக்கு வீரியம் போவதற்குள் குடித்து முடிக்கும். இது பவுடரண்ணனுக்குத் தெரியாத விஷயமில்லை. அங்கே வேலைக்கு வந்த எத்தனையோ பேருக்கு அவரே சொல்லிக்கொடுத்ததுதான்.

டிரிங்கர்களைத் தூக்கிக் கட்டிவிட்டு அவர் சுவரோரம் உட்கார்ந்தார். வெயில் ஏற ஏறத் தகரக் கூரை சடசடத்தது. முதலில் குஞ்சுகள் டிரிங்கர் தொங்கிய இடத்தில் வந்து வட்டமாக நின்று மேலே பார்த்தன. பிறகு கத்த ஆரம்பித்தன. பிறகு கத்துவதை நிறுத்திவிட்டு, வாயைத் திறந்துவைத்துக்கொண்டு மூச்சு வாங்கின. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். திறந்த வாய்களைப் பார்க்கப் பார்க்க, வீட்டில் சாத்திவிட்டு வந்த கதவுக்குப் பின்னால் இருக்கிற ஒரு வாய் ஞாபகம் வந்தது.

எழுந்து கயிறுகளை அவிழ்த்தார். டிரிங்கர்களை இறக்கிக் குழாயைத் திறந்துவிட்டார். "ஒரு வாய்தான், சீக்கிரம்" என்று குஞ்சுகளிடம் சொன்னார். ஒரு வாயோடு நிறுத்துகிற ஜாதியா அது? முட்டி மோதி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குடித்துத் தீர்த்தன. மிச்சத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டி, டிரிங்கர்களைத் துடைத்து மறுபடியும் மேலே கட்டினார். செய்தது தப்பு என்று அவருக்கு அப்போதே தெரியும். ஆனாலும் நெஞ்சில் கட்டியிருந்த ஏதோ ஒன்று இறங்கின மாதிரி இருந்தது. நிஜத்தைச் சொன்னால், அன்று காலையிலிருந்து அவர் சரியாக மூச்சு விட்டதே அப்போதுதான்.

மருந்து சீக்கிரம் சாகாமலிருக்க, சூப்பர்வைசர் பால் பவுடர் கரைத்த தண்ணீரில் அதைக் கலந்து கொண்டுவந்தார். டிரிங்கர்கள் இறங்கின. குஞ்சுகள் வந்து எட்டிப் பார்த்தன. ஒன்றிரண்டு அலகை நனைத்தன. மற்றவை வயிறு நிறைந்த கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி அங்கங்கே படுத்துக்கொண்டன.

"என்னண்ணே, இன்னிக்கு இதுங்களுக்குத் தாகமே இல்லையா?" என்றார் சூப்பர்வைசர்.

"வெயில் ஏறட்டும் சார், குடிக்கும்" என்றார் பவுடரண்ணன்.

குடித்தனதான். மத்தியானத்துக்கு மேல் குடித்தன. அதற்குள் மருந்து வெறும் வெள்ளைத் தண்ணீராகிவிட்டிருந்தது.

அதற்குப் பின் வந்த நாட்களில் பவுடரண்ணன் முன்னைவிடப் பேயாகக் கழுவினார். காலையில் கழுவிய டிரிங்கரை மத்தியானம் மறுபடி கழுவினார். தொட்டியையும் குழாயையும் தேய்த்தார். செய்த தப்பைத் தேய்த்தே எடுத்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தபோது வழக்கமான இரைச்சல் இல்லை. குஞ்சுகள் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு, மூலை மூலையாக ஒண்டியிருந்தன. பின்பக்கமெல்லாம் வெள்ளையாக நனைந்திருந்தது. சுத்தமான தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது, குடிக்கத்தான் யாரும் வரவில்லை. சாயங்காலத்துக்குள் செத்தவற்றைக் கூடை கூடையாக வெளியே எடுத்தார்கள். மறுநாள் கூடை போதாமல் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார்கள். பவுடரண்ணன்தான் தள்ளினார்.

வந்த கால்நடை டாக்டர் ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டு, எந்த நோய்க்கு மருந்து கொடுத்தார்களோ அதே நோய் என்றார். மருந்து வேலை செய்யவில்லையா, சரியாகக் கொடுக்கவில்லையா என்று முதலாளி சூப்பர்வைசரைப் பிடித்து உலுக்கினார். இப்போதுதான் கல்யாணமான பையன், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றான். பவுடரண்ணன் முன்னால் வந்தார்.

"அவர் மேல தப்பு இல்லீங்க. நான்தான் முன்னாடியே தண்ணி வெச்சுட்டேன்."

"நீயா? உனக்குத் தெரியாதாப்பா?"

"தெரியும்ங்க. வாயத் திறந்துக்கிட்டு நின்னுச்சுங்க. பாக்க முடியல."

முதலாளி கத்தியிருந்தால் பரவாயில்லை. நாலு வார்த்தை திட்டி, வெளியே போ என்றிருந்தால்கூடப் பவுடரண்ணன் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். முதலாளி வயசான மனுஷர். தள்ளுவண்டியில் குவிந்து கிடந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாவம் பாத்தே கொன்னுட்டியேப்பா" என்றார். வேலையை விட்டு நிறுத்தவில்லை.

அந்த வார்த்தை பவுடரண்ணனோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது. சோறு போடும்போது வந்தது, படுக்கும்போது வந்தது. திருட்டுத்தனமாகக் கொடுத்த அரை டம்ளர்களையெல்லாம், ஐஸ் துண்டுகளையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். தான் யார் மேல் இரக்கப்பட்டாலும் அது செத்துப்போகும் என்று அவருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அவளையும் தள்ளுவண்டியில் ஏற்றிவிடக் கூடாது. அதற்காக எது வேண்டுமானாலும் செய்யலாம் என்று முடிவு கட்டினார்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் ஐஸ் கிடையாது, கஞ்சி கிடையாது. எதிர்வீட்டு டெய்லரம்மா பகலில் வந்து பார்த்துக்கொள்வாள். அவளிடம், என்ன கெஞ்சினாலும் ஒரு சொட்டு தரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். பாட்டிலைப் பாதிதான் நிரப்பினார். வேலைக்குக் கிளம்பும்போது மெயின் குழாயை மூடி, அதன் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். குனிந்து டிரிங்கர் தேய்க்கும்போதெல்லாம் அது நெஞ்சில் இடித்தது.

எடை பார்க்கும் நர்ஸ், "இப்பதாங்க ஒழுங்கா இருக்கீங்க" என்று சிரித்தாள். அவருக்கு அதில் ஒரு தெம்பு வந்தது.

மனைவி கேலி பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஒரு நாள் மட்டும் கேட்டாள்.

"ஏங்க, முன்னாடியெல்லாம் கொஞ்சம் தருவீங்களே. எம்மேல என்ன கோவம்?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. நீ இருக்கணும், அவ்வளவுதான்."

"இருந்துக்கிட்டுத்தான இருக்கேன். இப்படி இருக்கிறதுக்கு..." என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவருக்கு வலிக்கும் என்று அவள் தாகத்திலும் யோசித்தாள். அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

அந்தச் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரி முறை. பாட்டில் காலி. அவர் கை கால் கழுவிவிட்டு வரும் சத்தத்தை அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாய் குடுங்க."

"காலைல போய்ட்டு வந்துரலாம். வந்ததும் தர்றேன்."

"குடிக்கக்கூட வேணாம். வாய்ல வெச்சுட்டுத் துப்பிடறேன்."

"நீ துப்ப மாட்ட."

அவள் லேசாகச் சிரித்தாள். "மாட்டேன்தான்" என்றாள். "இருந்தாலும் குடுங்களேன். இன்னிக்கு என்னமோ ரொம்பக் கேக்குது."

பவுடரண்ணன் துணியை நனைத்து, ஒரு சொட்டுகூட இல்லாமல் முறுக்கிப் பிழிந்து, அவள் உதட்டில் ஒற்றினார். அவள் அந்தத் துணியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாள். அவர் மெதுவாக, ஆனால் விடாமல், இழுத்து எடுத்துவிட்டார். அவளுக்கு நல்லது செய்கிறோம் என்று முழுசாக நம்பித்தான் இழுத்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு தண்ணீர் கேட்கவே இல்லை.

காலையில் ஆட்டோவில் போகும்போது அவள் தலை அவர் தோளில் கனத்தது. தூங்குகிறாள் என்று நினைத்து, குலுங்காமல் ஓட்டச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதுதான் தெரிந்தது. உள்ளே கொண்டுபோய் நெஞ்சை அமுக்கிப் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, இதயம் நின்றுவிட்டது என்றார்.

பவுடரண்ணன் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி அதிகமாகலைங்க சார். நான் குடுக்கவே இல்ல. நேத்து அவ்வளவு கேட்டா, ஒரு சொட்டு குடுக்கல."

டாக்டர் நல்ல மனுஷர். அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

"நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க. இது தண்ணியால வந்தது இல்லை. இந்த வியாதியில இதயம் திடீர்னு இப்படி நிக்கிறது உண்டு, நாம ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஒரு வாய் குடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுங்க."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, தோளைத் தட்டிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

பவுடரண்ணன் பெஞ்சிலேயே இருந்தார். எதிரே குடிதண்ணீர் மெஷின், அதன் பக்கத்தில் சங்கிலி போட்ட எவர்சில்வர் டம்ளர். ஜனங்கள் வருவதும் அண்ணாந்து மடமடவென்று குடிப்பதும் போவதுமாக இருந்தார்கள். அவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கேன்டீனுக்குப் போய் ஒரு டம்ளர் கேட்டு வாங்கினார். அதைக் குழாயடியில் தேய்த்துக் கழுவினார், திரும்பவும் கழுவினார். விளிம்புவரை தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் வராந்தாவில் நடந்து வந்தார்.

அவளைப் போர்த்திவைத்திருந்த அறை வாசலில் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்குண்ணே தண்ணி?"

"அவளுக்குத்தாம்மா. நேத்து சாயங்காலமே கேட்டா" என்றார் பவுடரண்ணன். "குடுக்கலாம்னு டாக்டர் இப்பதான் சொன்னார்."